மலையில் மரச்சாமான் செய்ய வருகிறவர்களுக்கு

கோத்தகிரியில் நான் பட்டறை போட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது தொழில் பழக வந்து நிற்கிறார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர், டிப்ளமோ முடித்த பையன், எஸ்டேட்டில் தச்சராக இருந்த அப்பாவின் உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண். எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, முதல்ல என்ன மிஷின் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "மழை படாம பலகை அடுக்க உங்ககிட்ட இடம் இருக்கா?"

கேலிக்காகக் கேட்பதில்லை. சமவெளியில் நன்றாக வேலை பழகிய ஆசாரிகூட மலைக்கு வந்தால் முதல் வருடம் தடுமாறுவார். காரணம் ஈரம். வெட்டிக் காய்ந்த பிறகும் மரம் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும், வெயில் காலத்தில் கக்கும். குடித்தால் அகலத்தில் வீங்கும், கக்கினால் சுருங்கும். நீளத்தில் அநேகமாக ஒன்றும் ஆகாது. இங்கே மரம் வாங்குவதிலிருந்து விலை சொல்வதுவரை எல்லாமே இதை ஒட்டித்தான் நடக்கிறது. ஒருவருக்கென்று அளவெடுத்துச் செய்யும் கட்டைமர வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிளைவுட்டில் மைக்கா ஒட்டும் மாடுலர் வேலைக்கு வேறு கணக்கு.

முதல் ஆறு மாதம் அடுத்தவர் பட்டறையில்

சொந்தமாக எதையும் வாங்கும் முன் ஓர் ஆசாரியிடம் போய் நில்லுங்கள். கூலி கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் போங்கள். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி எங்கும் வாசல், ஜன்னல் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே நாற்காலி செய்யக் கற்றுத்தர மாட்டார்கள். ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது துளை போடவைப்பார்கள். கைக்கு அது வேண்டும்.

என் ஆசாரி முதல் மூன்று வாரம் எனக்குச் சாணை பிடிக்க மட்டும்தான் கொடுத்தார். உளியின் சரிவைக் கல்லில் படியவைத்து, மணிக்கட்டு ஆடாமல், தோளிலிருந்து தள்ள வேண்டும். பின்பக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் போதும். திருப்பிப் போட்டு அதை எடுக்க வேண்டும். கூர் வந்துவிட்டதா என்று பார்க்க அவர் முழங்கை மயிரை மழித்துப் பார்ப்பதில்லை. பைன் துண்டின் வெட்டுமுகத்தில், அதாவது ரேகை அறுபட்டு நிற்கும் பக்கத்தில், ஒரு சீவல் எடுப்பார். கண்ணாடிபோல் பளபளப்பாக வந்தால் சரி. நார் நாராகக் கசங்கினால் உளி மறுபடி கல்லுக்குப் போகும். பைன் மிருதுவான மரம், அதனால்தான் அது ஏமாற்றாது. மழுங்கிய உளி கடினமான மரத்தில் தப்பித்துக்கொள்ளும், மிருதுவானதில் மாட்டிக்கொள்ளும். டிசம்பர் காலையில் தண்ணீர்க் கல்லில் சாணை பிடிப்பது தண்டனை என்பதையும் சொல்லிவைக்கிறேன். எண்ணெய்க் கல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பாகப் படிக்க விரும்பினால் ஐ.டி.ஐ.யில் கார்பென்டர் பிரிவு உண்டு. மரத்தின் தன்மை, பதப்படுத்துதல் பற்றிய குறுகிய காலப் பயிற்சிகளைப் பெங்களூரில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் நடத்துகிறது.

எந்த மரம்

மலையில் அதிகம் கிடைப்பது சில்வர் ஓக். பெயரில்தான் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, தேயிலைக்கு நிழல் தரும் மரமாகத் தோட்டமெங்கும் நிற்கிறது. எடை குறைவு, இழைக்கச் சுலபம். ஆரப்போக்கில் அறுத்தால், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி வெட்டு விழும்படி அறுத்தால், பலகை முகத்தில் மீன் செதில்போல் மினுமினுப்பு வரும். அதைப் பார்த்தே ஆர்டர் கொடுத்தவர்கள் உண்டு. குறை என்னவென்றால் வண்டு சீக்கிரம் துளைக்கும், சிலருக்கு அதன் தூள் பட்டால் தோல் அரிக்கும். எனக்கு அரிக்கும். முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் இல்லாமல் அதை அறுப்பதில்லை.

கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் 1840-களில் நீலகிரிக்கு வந்தது. விலை மலிவு என்று புதியவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். வேண்டாம். உள்ளே இறுக்கம் அதிகம். ரம்பம் ஓடும்போதே பலகை வில்லாக வளையும், முனை பிளக்கும். சீகை (வாட்டில்) விறகுக்கும் கைப்பிடிக்கும் ஆகும். ஆனால் அதே குடும்பத்தில் பிளாக்வுட் என்று ஒன்று இருக்கிறது. பழுப்பும் பொன்னிறமும் கலந்த வைரம் (மரத்தின் நடுக்கட்டை), நல்ல பாரம். என்னைக் கேட்டால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கிடைக்கிற நாற்காலி மரங்களில் இதற்குத்தான் முதலிடம். பட்டையை ஒட்டிய வெளிறை ஒதுக்கிவிட்டு வைரத்தை மட்டும் எடுங்கள். சைப்ரஸ் வாசனையான மரம், பெட்டிக்கும் அலமாரிக்கும் நன்று, கணுக்கள் அதிகம்.

தேக்குக்குக் கூடலூர் பக்கமோ, நாடுகாணிச் சுரம் இறங்கி நிலம்பூரோ போக வேண்டும். நிலம்பூர் வனத்துறைக் கிடங்கின் ஏலத்தை வாங்காவிட்டாலும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். உருட்டு மரத்தைத் தட்டிப் பார்த்து விலை கேட்கும் பழைய வியாபாரிகளின் பின்னால் அரை நாள் நடந்தாலே நிறையத் தெரியும்.

நான் மிகவும் விரும்புவது பழைய மரம். பழைய பங்களா பிரிக்கும்போது வரும் உத்தரம், கதவு, ஜன்னல் சட்டம் எல்லாம் அறுபது எண்பது வருடம் இதே பனியில் காய்ந்தவை. இனிமேல் சுருங்க அவற்றில் பெரிதாக எதுவும் இல்லை. வாங்கியதும் ஒரு காந்தத்தை எடுத்து முழுக்கத் தடவுங்கள். தலை ஒடிந்து உள்ளே நிற்கும் ஓர் ஆணி போதும், பிளேனரின் பிளேடு போய்விடும்.

கட்டைமரம்தான் என்றில்லை. கூடலூர் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிக்குச்சியில் (லண்டானா) செய்த நிஜ அளவு யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. அது தனிக் கைவேலை. நாற்காலியும் அதில் செய்கிறார்கள்.

காகிதம் இல்லாமல் மரம் வாங்காதீர்கள்

தோட்டக்காரர் தெரிந்தவர், "ரெண்டு மரம் விழுந்து கிடக்கு, எடுத்துக்கோ தம்பி" என்பார். எடுக்காதீர்கள். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டவும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். வெட்டியதை வண்டியில் கொண்டுபோக வனத்துறை அனுமதிச் சீட்டு வேறு. மரத்துக்கு மரம் விதி மாறும் என்பதால் அந்தந்தப் பகுதி வனச்சரகர் அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஈட்டி (ரோஸ்வுட்) மரம் கூடலூரில் கண்ணில் படும், ஆசை வரும். அதற்கென்றே 1994-ல் தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. 2017-லிருந்து ஈட்டியின் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது. பில் இல்லாத ஈட்டிப் பலகையைப் பரிசாகக் கொடுத்தாலும் பட்டறையில் வைக்க வேண்டாம்.

நாடு முழுக்க மரமில்களை உரிமத்துக்குள் கொண்டுவந்த வழக்கே நம் மாவட்டத்து வழக்குதான். கூடலூர்க் காடுகள் அழிவதைத் தடுக்கக் கோரி நிலம்பூர் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு இந்தியா முழுவதற்குமானது. ஆகவே உருட்டு மரம் அறுக்கும் பெரிய ரம்பம் போடும் எண்ணத்தை விட்டுவிட்டு, உரிமம் உள்ள மில்லில் அறுத்த பலகையைப் பில்லோடு வாங்குங்கள். அந்தப் பில்களை ஒரு கோப்பில் போடுங்கள். செக்போஸ்ட்டில் நிற்கும்போது வாயால் சொல்வது எதுவும் உதவாது.

காயப்போடுதல்

இதில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓர் அங்குலப் பலகை காற்றில் காய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. மலையில் அதற்கும் மேல் ஆகலாம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை கடுமை. ஊட்டிக்கு மேற்கே, கூடலூரில் ஆனி ஆடி. எந்தப் பக்கம் இருந்தாலும் மரம் உண்மையில் காய்வது தை முதல் சித்திரை வரைதான். ஆகவே மார்கழிக்குள் பலகையை அறுத்து அடுக்கிவிட்டால் ஒரு முழு வெயில் காலம் கிடைக்கும். மாசியில் அறுத்தால் பாதிக் காலம் போச்சு.

கூரை வேண்டும், சுவர் வேண்டாம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கட்டை போட்டு அதன்மேல் முதல் வரிசை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஓர் அங்குலக் குச்சி, ஒன்றரை அடிக்கு ஒன்று. மேல் வரிசைக் குச்சி கீழ் வரிசைக் குச்சிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். குச்சி விலகினால் பலகை அந்த இடத்தில் தொங்கி, அப்படியே வளைந்து காயும். பிறகு இழைத்து நிமிர்த்தினால் ஒன்றேகால் அங்குலப் பலகை முக்கால் ஆகிவிடும். முனைகளில் பழைய பெயின்ட் அடியுங்கள், முனைதான் முதலில் காய்ந்து வெடிக்கும். மேலே நாலைந்து ஹாலோ பிளாக் கல் ஏற்றுங்கள். அறுத்த தேதியைப் பலகையிலேயே எழுதுங்கள். சில்வர் ஓக்காக இருந்தால் அறுத்த ஓரிரு நாளிலேயே வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரை இரண்டு பக்கமும் தடவ வேண்டும். வண்டு புகுந்த பிறகு தடவிப் பயனில்லை.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஊசி குத்தும் ஈரமானி இருந்தால் நல்லது. இல்லையா, மளிகைக்கடைத் தராசு போதும். அடுக்கிலிருந்து ஒரு பலகையை எடுத்து, முனையிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு சின்னத் துண்டு வெட்டி எடை போடுங்கள். 230 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை வீட்டு அவனில் 100 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காய்ச்சுங்கள். 200 கிராமில் நின்றால், போன தண்ணீர் 30 கிராம். 30-ஐ 200-ஆல் வகுத்தால் 15 சதவீதம். என் பட்டறை அடுக்கில் வெயில் கால முடிவில் இந்தக் கணக்குப் பெரும்பாலும் 14, 15-ல் நிற்கும். அதற்குக் கீழே இந்தக் காற்றில் இறங்காது.

கோத்தகிரி வீட்டுக்கு அது போதும். கோயம்புத்தூருக்கோ சென்னையில் ஏ.சி. அறைக்கோ போகிற சாமானுக்குப் போதாது. அந்த ஆர்டர்களுக்கான பலகையை மேட்டுப்பாளையத்தில் ஒரு நண்பரின் ஷெட்டில் இரண்டு மூன்று மாதம் அடுக்கிவைத்துத் திரும்ப ஏற்றுகிறேன். முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான், காற்று முற்றிலும் வேறு. அவசரம் என்றால் சமவெளியில் சூடான அறைக்குள் வைத்துக் காயவைக்கும், அதாவது கிளின் சீசனிங் செய்யும் மில்லுக்குக் கூலி கொடுத்துக் காயவைத்து வாங்கலாம்.

மிஷின்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். முதலில் கைக்கருவி: நாலு உளி, ஒரு கொட்டாப்புளி, இரண்டு இழைப்புளி, மூலமட்டம், நல்ல ரம்பம், ஆறு கிளாம்ப். கிளாம்ப் எப்போதும் பத்தாது. அடுத்துக் கை டிரில், பிறகு பிளேனர். டேபிள் சா கடைசியில். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் ஒரு நாள் முழுக்க வராது. கைவேலை தெரிந்தவருக்கு அன்றும் வேலை ஓடும்.

மலைக்கென்று ஓர் ஆபத்து உண்டு: குளிருக்கு மஃப்ளர், தொளதொள ஸ்வெட்டர், கையுறை. மூன்றையும் கழற்றாமல் ஓடுகிற மிஷின் பக்கம் போகக்கூடாது. பிளேடு துணியைப் பிடித்தால் துணியோடு கையும் போகும். என் பட்டறை வாசலில் ஓர் ஆணி அடித்திருக்கிறேன், மஃப்ளருக்கென்றே.

முதல் மேசையும் வெடித்த மேசையும்

தொடக்கத்தில் ஸ்டூல் செய்யுங்கள், பெஞ்ச் செய்யுங்கள், பிறகு மேசை. காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஆணியை நம்பாமல் துளை போட்டு நாக்கு விட்டு இறுக்குங்கள். அதைப் பட்டறையில் பழகியிருப்பீர்கள். நான் சொல்ல வருவது மேல்பலகையைப் பற்றி.

என் மூன்றாம் வருடத்தில் கோயம்புத்தூருக்கு ஒரு சாப்பாட்டு மேசை செய்தேன். மூன்றடி அகலம், சில்வர் ஓக், இங்கேயே காய்ந்தது. மேல்பலகை அசையக்கூடாது என்று அடியிலிருந்து சட்டத்தோடு பன்னிரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். தையில் அனுப்பியது. சித்திரையில் போன். "தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்குப் பட்டாசு வெடிச்ச மாதிரி சத்தம். திருடன்னு நெனச்சு எழுந்து வந்தா, உங்க மேசைதான்." போய்ப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒரு வெடிப்பு. ஒரு ரூபாய் நாணயம் உள்ளே போகும். அந்த அம்மா திட்டவில்லை, மோர் கொடுத்தார்கள். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மூன்றடி அகலப் பலகை இங்கிருந்து அங்கே போனால் மூன்று நூல், சில சமயம் அரை அங்குலம் சுருங்கும். (நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, பட்டறையில் யாரும் மில்லிமீட்டர் பேச மாட்டார்கள்.) நான் போட்ட ஸ்க்ரூ அதைச் சுருங்கவிடவில்லை, அதனால் பிளந்தது. இப்போது சட்டத்தின் உட்பக்கம் ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுத்து, எல் வடிவத்தில் சின்ன மரக்கட்டை செய்து, அதன் மூக்கைக் காடிக்குள் விட்டு, கட்டையை மேல்பலகையோடு மட்டும் ஸ்க்ரூ செய்கிறேன். பலகை மேலே தூக்காது, ஆனால் அகலத்தில் நகர இடம் இருக்கும். மூக்குக்கும் காடியின் அடிக்கும் நடுவில் இரண்டு நூல் விடுங்கள்.

டிராயருக்கும் இதே கதை. பங்குனியில் கச்சிதமாகச் செய்த டிராயர் ஆடியில் இழுக்க வராது. வெயில் காலத்தில் செய்தால் உயரத்தில் ஒரு நூல் இடைவெளி விடுங்கள், மழைக்காலத்தில் செய்தால் அரை நூல் போதும்.

பசையும் பாலிஷும்

வெள்ளைப் பசை பத்து டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. காய்ந்ததுபோல் தெரியும், சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும், தட்டினால் விட்டுவிடும். மார்கழி, தையில் காலை பதினொரு மணிக்கு மேல் ஒட்டுங்கள். பசை டப்பாவையும் மரத்தையும் இரவு வீட்டுக்குள் வையுங்கள்.

அரக்குப் பாலிஷ் போடும் நாளில் மேகம் இறங்கினால் நிறுத்திவிடுங்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகை முகம் குளிர்ந்து காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பால் சிந்தியதுபோல் வெள்ளை படரும். ஆகிவிட்டதா, பதறாமல் வெயில் அடிக்கும் நாளில் ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாகத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். மேல்பலகையின் அடிப்பக்கத்துக்கும் அதே பாலிஷ் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை கிண்ணம்போல் வளையும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டோ தண்ணீரில் ஊறவைத்தோ பிறகு எறியுங்கள்.

அளவும் விலையும்

ஆர்டர் வந்ததும் டிசைன் பேசாதீர்கள். முதலில் மூன்று கேள்வி: சாமான் எந்த ஊருக்குப் போகிறது, எந்த அறையில், அந்த அறைக் கதவின் அகலம் என்ன. பழைய பங்களாவில் கணப்பு இருந்தால் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள்.

மரக் கணக்குக் கன அடியில். தடிமன், அகலம் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். ஐந்தடிக்கு இரண்டரை அடி மேசை என்றால் ஒன்றரை அங்குல மேல்பலகைக்கு சுமார் 1.56, மூன்றுக்கு மூன்று அங்குலத்தில் இரண்டரை அடிக் கால் நான்குக்கு 0.63, சட்டங்களுக்கு 0.45. மொத்தம் 2.64. கணு, வெடிப்பு, இழைப்பு, வெளிறு என்று போவதற்கு இதன்மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். மூன்றரை கன அடி வாங்குங்கள்.

விலையில் மரம், கூலி, பாலிஷ், வண்டி எல்லோரும் போடுவார்கள். ஒரு வருடம் அடுக்கில் கிடந்த மரத்தில் உங்கள் பணமும் முடங்கிக் கிடந்தது, அதையும் போடுங்கள். முதல் பத்து வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். நான் நாலு நாள் என்று நினைத்த கட்டில் ஒன்பது நாள் இழுத்ததை நோட்டுத்தான் காட்டிக்கொடுத்தது. பாதிப் பணம் முன்பணம். உறவுக்காரரிடமும்தான், அங்கேதான் முக்கியமாக.

கடன், மானியத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். தமிழக அரசு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தையும் அங்கேயே விசாரிக்கலாம். கடன் வாங்கி டேபிள் சா வாங்குவதைவிட, அதே பணத்தில் இரண்டு வருடத்துக்கு வேண்டிய மரம் வாங்கி அடுக்குவதுதான் என் வழக்கம்.

ஏற்றி இறக்குவது

குன்னூர் மலைப்பாதையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் சாமான் ஒரு பக்கம் சாயும். கட்டில், பெரிய மேசை எல்லாவற்றையும் போல்ட் கழற்றிப் பிரிக்கிற மாதிரியே செய்யுங்கள். பிளாஸ்டிக்குக்குக் கட்டுப்பாடு உள்ள மாவட்டம் என்பதால் பபிள் ராப்பை மறந்துவிட்டுப் பழைய கம்பளியும் அட்டையும் சணல் சாக்கும் சேர்த்து வையுங்கள். ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) பல வீடுகளுக்கு வண்டி போகாது. கடைசி இருநூறு அடி படியில் தலைச்சுமைதான். எந்தத் துண்டும் இரண்டு ஆள் தூக்கும் எடைக்கு மேல் போகக்கூடாது. இறக்குவதற்கு முன்பு நீங்களே ஒருமுறை அந்தப் படியில் வெறுங்கையோடு ஏறிப் பாருங்கள்.

ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் தாண்டிய பிறகு வாடிக்கையாளர் வீட்டுக்குச் சொல்லாமலே ஒரு தடவை போய் வாருங்கள். ஸ்பேனரும் சின்ன இழைப்புளியும் பையில் இருக்கட்டும். போல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும், ஏதாவது ஒரு டிராயர் ஓரத்தில் அரை நூல் சீவக் கேட்கும். சீவிய இடத்தில் பாலிஷ் தொட்டுவிட்டு, டீ கொடுத்தால் குடித்துவிட்டு வரலாம்.